எபியின் கைக்குள் இருந்த குப்பி

கோடு ஏறவில்லை. திரையில் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, நொடிக்கு ஒரு புள்ளி, ஆனால் மேலே போக மாட்டேன் என்கிறது, இஸ்திரி போட்ட மாதிரி படுத்துக் கிடக்கிறது. மணி இரண்டு நாற்பது. கால்சியம் ஒரு சொட்டு விட்டு எட்டு நிமிடம் ஆகிவிட்டது. ஏறுகிற கோடாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே ஏறியிருக்கும், ஜனவரியில் அப்படித்தான் விறுவிறுவென்று ஏறியது, நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இந்தக் கருவிக்குள் கண்ணாடிச் சதுரக் குடுவையில் அரைத் தேக்கரண்டி தண்ணீர், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குமிழிகள், எல்லாம் லிப்பிட் என்ற கொழுப்பால் நான் செய்தவை, செல்லின் சவ்வுக்கு இருப்பது போலவே இரண்டு அடுக்குத் தோல். பாதிக் குமிழிகளின் தோலில் சாயத்தை நெருக்கி அடைத்திருக்கிறேன். நெருக்கத்தில் சாயம் ஒளிராது. கால்சியம் பட்டுப் பக்கத்துக் குமிழியோடு ஒட்டி இரண்டு தோலும் ஒரே தோலாகும்போது சாயத்துக்கு இடம் கிடைக்கும், பரவும், ஒளிரும், கோடு ஏறும். இதற்குத்தான் ஐந்து வருடம். அப்பா கேட்டால் கொழுப்பைப் பற்றிப் படிக்கிறேன் என்பேன், உனக்கு அது கொஞ்சமா என்பார். கோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்து எனக்கு இன்று வருத்தம் இல்லை. படுக்கட்டும். இது என் குப்பியிலிருந்து எடுத்த லிப்பிட். இது படுத்தால்தான் எனக்கு நல்லது. அடுத்து ஓட்டப் போவது எபியின் குப்பியிலிருந்து எடுத்தது, அது ஏறிவிட்டால் போதும், ஆள் அகப்பட்டான்.

எபி என்றால் எபனேசர். சாத்தான்குளத்துப் பையன் என்று எங்கள் ஆய்வகத் தலைவர் வத்சலா மேடம் சொல்வார், பையனுக்கு முப்பது வயது. வைரஸ் எப்படி நம் செல்லின் தோலோடு தன் தோலை ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது என்பது அவன் வேலை. அதற்கும் இதே லிப்பிட்தான் வேண்டும். நவம்பரில் ஒரே கண்ணாடி ஆம்பூலை உடைத்து இரண்டு குப்பிகளில் பங்கிட்டோம், நான்தான் ஊற்றினேன், என் குப்பியில் சுகந்தி என்று எழுதினேன், அவன் குப்பியில் எபி என்று எழுதினேன், இரண்டும் ஒரே ஃப்ரீசரில் ஒரே தட்டில். ஒரே சரக்கு, ஒரே நாள், ஒரே குளிர். ஒன்று வேலை செய்து இன்னொன்று செய்யவில்லை என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். காலையில் எட்டு மணிக்கு யாரும் வருவதற்கு முன் அவன் குப்பியைத் திறந்து ஒரு ஊசியளவு எடுத்துக்கொண்டேன். அவனுக்குத் தெரியாது. மூடியைச் சுற்றி வெள்ளை டெஃப்ளான் நாடாவை அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருந்தான், பிரித்து மறுபடி சுற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இவ்வளவு பத்திரமாகச் சுற்றுகிறவன் எதற்கு இவ்வளவு பத்திரமாகச் சுற்றுகிறான் என்று அப்போதே தோன்றியது. மடியில் கனம் இருக்கிறவன் வேலை. பத்து மணிக்கு வத்சலா மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். மேடம், என் குப்பியை எபி தொடுறான், நான் பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றாமல் அதற்கு மேலாகப் பார்த்தார். "பார்த்தியா, நினைக்கிறியா?" "பார்த்தேன் மேடம்." "சுகந்தி, இவனோட எக்ஸ்டென்ஷன் ஃபார்ம் இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஆபீஸ் போகணும். போகலேன்னா வெள்ளிக்கிழமையோட அவன் வேலை முடிஞ்சுது. நீ சொல்றது புரிஞ்சுதான் சொல்றியா?" "மூணரைக்கு ஆதாரத்தோட வர்றேன் மேடம்." இரண்டரைக்கு அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். வராந்தாவின் கடைசியில் அந்தக் கதவு மூடியிருக்கிறது. மேடத்தின் கதவு மூடி நான் பார்த்ததே இல்லை.

போதும், இருபது நிமிடம் ஆகிவிட்டது, குடுவையைக் கழுவ வேண்டும். ஒரு தடவை தண்ணீர், ஒரு தடவை ஆல்கஹால், மறுபடி தண்ணீர். ஏசியிலிருந்து வாளியில் சொட்டுகிறது, இந்த ஊரில் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். அவன் உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருப்பான். இல்லவே இல்லை என்பான். அல்லது அழுவான். அழ மாட்டான். அந்த ஒண்ணுமில்லக்காவைச் சொல்வான். பிப்ரவரியில் ஒரு மதியம், சாப்பிடப் போனவள் போனை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன், ஃப்ரீசர் முன்னால் முதுகைக் காட்டி நிற்கிறான், வலது கை மூடியிருக்கிறது, விரல் இடுக்கில் குப்பியின் கறுப்பு மூடி. எதுவும் செய்யவில்லை. சும்மா நிற்கிறான். குப்பியை எடுத்தவன் வேலையைப் பார்க்க வேண்டும், இல்லை திருப்பி வைக்க வேண்டும், நடு அறையில் எவன் கையை மூடிக்கொண்டு நிற்பான். என்னைப் பார்த்ததும் கை கோட்டுப் பைக்குள் போய்விட்டது. என்ன எபி என்றேன். ஒண்ணுமில்லக்கா என்றான். ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லாததைத்தான் பைக்குள் போடுகிறார்கள். அன்றைக்கே நான் கையைத் திற என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, கேட்காததால் அந்தக் கை என் மண்டைக்குள் இன்னும் மூடியே இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்தக் கை. சாப்பாட்டைப் பிசைந்தால் அந்தக் கை. அன்றிலிருந்துதான் நான் காலையில் எல்லோருக்கும் முன்னால் வர ஆரம்பித்தேன்.

இரண்டாவது ஓட்டம். குமிழிகளை விட்டாயிற்று, கருவியின் மூடியைச் சாத்தியாயிற்று, முதல் இரண்டு நிமிடம் சும்மா ஓட வேண்டும், பிறகு கால்சியம். நோட்டு மேசையில் இருக்கிறது, கடைசிப் பக்கம், மேடத்திடம் காட்டப் போவது அதுவும்தான். ஜனவரியில் முதல் தடவை கோடு ஏறிய அன்று என் குப்பியில் திரவம் எந்த மட்டத்தில் இருந்ததோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே. நான் எடுக்கவில்லை. அப்போது யார் எடுத்தது. அதற்குப் பிறகு மூன்று தடவை ஓட்டினேன், மூன்றும் படுத்துவிட்டது. ஜனவரிக் கோட்டை வைத்துப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைப் பார்த்தவர்கள் இன்னும் மூன்று தடவை செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், மாதக் கடைசி கெடு. மூன்றாவதும் படுத்த அன்று மேடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார், ஜனவரி ஒரிஜினல் ஃபைல் இருக்கா சுகந்தி, இருக்கு மேடம், சும்மாதான் கேட்டேன். சும்மா யாரும் கேட்பதில்லை. ஜனவரிக் கோட்டை நானே வரைந்துவிட்டேன் என்று நினைக்கிறார். சத்தியமாக, இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் மெனக்கெட்டு ஒவ்வொரு நாளும் காலையில் குப்பியை எடுத்து, திறந்து, வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, டக்கென்று மூடி வைத்துவிட்டு எழுதினேன். மார்ச் இரண்டு, குறைந்திருக்கிறது. மார்ச் மூன்று, குறைந்திருக்கிறது, நிறம் சற்று மஞ்சள். மார்ச் ஐந்து, குறைந்திருக்கிறது. இருபத்திரண்டு வரிகள். அம்மாவிடமிருந்து வந்த புத்தி என்று தெரியும். விழுப்புரம் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அம்மா கண்மையால் கோடு போட்டு வைப்பாள், பாத்திரம் தேய்க்க வருகிற சரோஜா தலைக்குத் தடவிக்கொள்கிறாள் என்று. ஒரு மார்கழியில் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. சரோஜா ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து வரவில்லை. உறைந்த எண்ணெய் இறுகிக் கீழே இறங்கும் என்று எனக்குப் பதினொன்றாம் வகுப்பில்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன், அதனால என்ன, அவ எடுக்கலேன்னு ஆயிடுமா என்றாள். இப்போது ஏன் அது ஞாபகத்துக்கு வருகிறது. இது எண்ணெய் இல்லை. இது குளோரோபார்மில் கரைத்த லிப்பிட், ஃப்ரீசர் குளிரில் உறையாது, சும்மா கீழே இறங்காது. மூடி சரியாக இருந்தால் இறங்காது. மூடி சரியாகத்தான் இருந்தது.

கால்சியம். ஒரு சொட்டு. ஏறுகிறது. ஏறுகிறது, ஜனவரி மாதிரியே ஏறுகிறது, அதே சாய்வு, அதே இடத்தில் வளைந்து நிமிர்கிறது, எனக்கு இந்தக் கோட்டை மனப்பாடமாகத் தெரியும். அப்போது நான் பொய் சொல்லவில்லை. ஜனவரி பொய் இல்லை. கண் கலங்குகிறது, நல்லவேளை அறையில் யாரும் இல்லை. நான் சொன்னது சரி, தலை சிறுத்துக் கால் அகன்ற கொழுப்பு இருந்தால்தான் சவ்வு வளையும். இரண்டு சவ்வுகள் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் ஒட்டிவிடாது, நடுவில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும், இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தண்ணீரை விலக்கிவிட்டு இரண்டின் வெளி அடுக்கும் ஒரு காம்பாகச் சேர வேண்டும், காம்பாகச் சேர்வதற்கு வளைந்து கொடுக்கிற கொழுப்பு வேண்டும். இந்தக் கொழுப்புக்கு இரண்டு கால். ஒரு கால் அறுந்து ஒற்றைக்காலில் நிற்கிற கொழுப்பு கொஞ்சம் கலந்துவிட்டாலும் போதும், வளைய விடாது, பக்கத்தில் வந்த சவ்வுகள் பக்கத்திலேயே நின்றுவிடும். என் குப்பியில் கால் அறுந்திருக்கிறது. அறுத்தது யார். தன் குப்பியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னுடையதில் எதையோ விட்டிருக்கிறான். எதை விட்டிருப்பான். ஆசிட்டா. கலவையைப் பிரித்துக் காட்டுகிற தகடு ஒன்றில் ஓட்டிப் பார்த்திருந்தால் என்ன கலந்திருக்கிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும். நான் ஓட்டவில்லை. ஆளைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தவளுக்குத் தகடு தோன்றவில்லை. பரவாயில்லை, இரண்டு படங்களும் இருக்கின்றன, ஒன்று படுத்தது, ஒன்று ஏறியது, ஒரே ஆம்பூல், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும். அச்சு எடுத்தேன். இரண்டு தாள். மூன்று இருபது. நோட்டு. குப்பியையும் எடுத்துக்கொண்டு போகலாம், மேடம் மேசையில் வைத்தால் ஒரு கனம் இருக்கும்.

ஃப்ரீசர் கதவைத் திறந்தால் புகை மாதிரிக் குளிர் இறங்குகிறது. என் குப்பி. எடுத்தேன், திறந்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது, இருபத்திரண்டு நாள் பழக்கம். மட்டம் இன்னும் குறைந்திருக்கிறது. குப்பி முழுக்க வெள்ளையாகப் பனி பிடித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தண்ணீராகிறது, என் விரலெல்லாம் ஈரம், விளிம்பில் ஒரு துளி திரள்கிறது, நிற்கிறது, உள்பக்கமாக இறங்குகிறது. உள்ளே இறங்கிவிட்டது. திரவத்தின் மேல் மெல்லிய மங்கலாக அது கிடக்கிறது, அது மட்டும் இல்லை, ஏற்கெனவே அங்கே ஒரு மங்கல் இருந்திருக்கிறது. நான் அதை மஞ்சள் என்று எழுதியிருக்கிறேன். ஃப்ரீசர் கதவில் என் கண்ணுக்கு நேராக ஒரு தாள், ஐந்து வருடப் பழசு, செல்லோடேப் பழுத்துப்போன தாள், எடுத்தவுடன் திறக்காதீர்கள், குளிர் போன பிறகே திறக்கவும், காற்றின் ஈரம் உள்ளே இறங்கினால் லிப்பிட் உடையும். கையெழுத்து என்னுடையது. நான் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதி ஒட்டியது, எழுத்தெல்லாம் அவ்வளவு அழகாக. தினமும் இந்தக் கதவைத்தான் திறந்தேன். தினமும் இந்தத் தாளுக்கு நேராக நின்றுதான் திறந்தேன். கையை மூடிக்கொண்டு ஒருவன் நடு அறையில் எதற்கு நிற்பான். குளிர் போகட்டும் என்று நிற்பான். கையைவிடப் பை இன்னும் கதகதப்பு. அது என் குப்பியே இல்லை, அவனுடையது. இரண்டுக்கும் ஒரே கறுப்பு மூடி, நானேதான் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டேன். அம்மா, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

அல்லது அப்படியும் இல்லாமல் இருக்கலாம். அவனும் தொட்டிருக்கலாம். முதலில் குறைந்ததே, நான் தினமும் திறக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், அதற்கு என்ன சொல்வது. மூடி சரியாகத்தான் இருந்தது. ஜனவரியில் கோடு ஏறிய அன்று எழுந்து நின்றேன், மேடத்தைக் கூப்பிட ஓடினேன், மூடினேனா, மூடித்தான் இருப்பேன், யாராவது மூடாமல் ஓடுவார்களா. குப்பியை மூடி, கை அதைச் சுற்றி மூடிக்கொண்டது. கதவுச் சத்தம். எபி வருகிறான். முகம் கழுவியிருக்கிறான், சட்டைக் காலர் நனைந்திருக்கிறது. கழுவும்படி உள்ளே என்ன நடந்தது. "மேடம் உங்களை வரச் சொன்னாங்கக்கா." குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "என்ன கேட்டாங்க?" "உங்க குப்பியைத் தொட்டியான்னு கேட்டாங்க. தொட்டேன்னு சொல்லிட்டேன்." "தொட்டியா?" "மூணு தடவைக்கா. மூடி தளர்வா இருந்துச்சு. குளோரோபார்ம் ஆவியாப் போயிருமேன்னு இறுக்கி வச்சேன். முதத் தடவை ஜனவரியில, நீங்க ரிசல்ட் வந்துச்சுன்னு எல்லாருக்கும் லட்டு குடுத்த அன்னிக்கு." "எங்கிட்ட ஏன் சொல்லலை?" அவன் ஃப்ரீசர் கதவைப் பார்த்தான், தாளைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன். "அந்த நோட்டீஸ் ஒட்டுனதே நீங்க. உங்ககிட்ட போய் மூடியை மூடுங்கன்னு எப்படிக்கா சொல்லுறது?" பிறகு தன் மேசைக்குப் போய் டிராயரைத் திறந்து சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தான், ஒரு பேனா, ஒரு டப்பா மிளகாய்ப்பொடி, சார்ஜர். வெள்ளிக்கிழமை வரை இருக்கிறது, இப்போதே எடுத்து வைக்கிறான். இதுகூட நடிப்பாக இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வராந்தா நீளம். பதினெட்டு கதவுகள், எண்ணியிருக்கிறேன். இடது கக்கத்தில் நோட்டு, அதற்குள் இரண்டு படங்கள், வலது கை மூடியிருக்கிறது. யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு தாளையும் மேடம் மேசையில் வைத்துவிட்டு நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், தாளே பேசிவிடும், தொட்டேன் என்று அவனே ஒத்துக்கொண்டுவிட்டான், நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. புதுக் குப்பி வாங்கலாம், மூன்று தடவை ஓட்டலாம், கட்டுரை வெளிவந்துவிடும். அவன் மிளகாய்ப்பொடியை எடுத்துக்கொண்டு சாத்தான்குளத்துக்குப் போய்விடுவான், ஒன்றும் சொல்ல மாட்டான், சொல்லாமல் போகிற ஜாதி அவன், சரோஜா மாதிரி. சரோஜாவை அதற்குப் பிறகு ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், பாப்பா எப்படிப் படிக்குது என்று கேட்டாள், நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். எனக்கு அப்போது தெரியும். உறைந்த எண்ணெய் பற்றி எனக்கு அப்போது தெரிந்திருந்தது. கதவைத் தட்டினேன்.

மேடம் முன்னால் அந்த ஃபார்ம், மேலே பேனா, மூடி கழற்றாத பேனா. சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தெட்டு. "ஆதாரம்?" நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். மேடம் முதல் வரியிலிருந்து படித்தார், விரலை வைத்துப் படித்தார், இருபத்திரண்டாவது வரியில் நிறுத்தினார். "இதுல எபி பேரே இல்லையே." "இல்ல மேடம். எல்லாம் நான்தான். இருபத்திரண்டு நாள் குளிரோட திறந்து பார்த்திருக்கேன். அதுக்கு முன்னாடி மூடியைச் சரியா மூடாம விட்டதும் நான்தான். அவன் இறுக்கி வச்சிருக்கான்." மேடம் ஒரு மாதமாக நான் எபியைப் பார்த்த பார்வையில் என்னைப் பார்த்தார். "அப்ப ஜனவரி படம்? அது நிஜம்தானா?" எதிர்பார்த்திருந்த கேள்விதான். இரண்டாவது தாளை எடுத்து நோட்டின் மேல் வைத்தேன். "நிஜம் மேடம். இன்னிக்கு அதே மாதிரி வந்திருக்கு. இது என் குப்பி இல்ல, எபி குப்பி. காலையில அவனைக் கேட்காம எடுத்தேன்." மேடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், மை காய்வதற்கு ஊதினார். "இதை நீயே ஆபீஸ்ல குடுத்துட்டு, அவன்கிட்டயும் நீயே போய்ச் சொல்லு. என்ன சொல்றதுன்னு நான் சொல்லித் தரப் போறதில்ல." இடது கையை நீட்டி ஃபார்மை வாங்கினேன். மேடத்தின் கண் என் வலது கையில் நின்றது. "கையில என்ன?" "ஒண்ணுமில்ல மேடம்," என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது. பிறகு கையைத் திறந்து காட்டினேன். குப்பியில் குளிர் முழுவதும் போயிருந்தது.